முதலில் ஆட்டக்காரர், கடைசியில் டைரக்டர்: செல்சியின் 2022–23 சரிவு எப்படி நடந்தது

2022–23 இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் லண்டன் கிளப் செல்சி எடுத்தது 44 புள்ளி. 11 வெற்றி, 11 டிரா, 16 தோல்வி. பட்டியலில் 12ஆவது இடம். முந்தைய சீசனில் இதே கிளப் 74 புள்ளியோடு மூன்றாவதாக முடித்திருந்தது. அப்போது அடித்த லீக் கோல்கள் 76. இந்த முறை 38, சரியாகப் பாதி. மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் தனி ஆளாக அந்த சீசனில் 36 லீக் கோல் அடித்தார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செல்சியின் நிலை விளங்கும். கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கிய சவுத்தாம்ப்டன் அந்த ஆண்டு மொத்தம் ஆறே ஆட்டங்களில்தான் வென்றது. அதில் இரண்டு செல்சிக்கு எதிராக.

இது கையில் காசில்லாத கிளப்புக்கு வந்த கஷ்டம் அல்ல. ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் டிரான்ஸ்பர் காலங்கள் இரண்டிலும் சேர்த்து அதே சீசனில் செல்சி 50 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தது. 2022 பிப்ரவரியில்தான் கிளப்புகளுக்கான உலகக் கோப்பையை வென்றிருந்தது. அதற்கும் முன், 2021 மே மாதம், சாம்பியன்ஸ் லீக்கை.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: மேனேஜர் தாமஸ் டூக்கலை அவசரப்பட்டு நீக்கினார்கள், அடுத்து வந்த கிரகாம் பாட்டர் பெரிய கிளப்புக்குத் தாங்கவில்லை, புதிய முதலாளி டாட் போலிக்குக் கால்பந்து தெரியவில்லை. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் இணைக்கும் விஷயம் வேறு. ஒரு கிளப்பில் முடிவுகள் எடுக்கப்பட வேண்டிய வரிசை அந்த ஆண்டு செல்சியில் அப்படியே தலைகீழானது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். செப்டம்பரில் மேனேஜரை மாற்றினார்கள். எந்த ஆட்டக்காரர் வேண்டும், எந்த மேனேஜர் பொருந்துவார் என்று தீர்மானிக்க வேண்டிய ஸ்போர்ட்டிங் டைரக்டர்கள் இருவரும் அந்தப் பதவியில் முறைப்படி அமர்ந்தது 2023 பிப்ரவரியில். அதற்குள் இரண்டு டிரான்ஸ்பர் காலங்களும் முடிந்துவிட்டன.

தடையும் விற்பனையும்

ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களில், 2022 மார்ச் 2 அன்று, அப்போதைய உரிமையாளரான ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் கிளப்பை விற்கப்போவதாக அறிவித்தார். மார்ச் 10 அன்று பிரிட்டிஷ் அரசு அவர்மீது பொருளாதாரத் தடை விதித்தது. கிளப் ஒரு சிறப்பு உரிமத்தின் கீழ்தான் இயங்க முடிந்தது. புதிய டிக்கெட் விற்கக் கூடாது, கிளப் கடையைத் திறக்கக் கூடாது, வெளியூர் ஆட்டத்துக்குப் பயணச் செலவு 20,000 பவுண்டைத் தாண்டக் கூடாது, ஆட்டக்காரரை வாங்கவோ விற்கவோ கூடாது, யாருக்கும் புதிய ஒப்பந்தம் போடக் கூடாது.

கடைசியாகச் சொன்ன விதிதான் களத்தில் காயத்தை உண்டாக்கியது. அன்டோனியோ ரூடிகர், ஆண்ட்ரியாஸ் கிறிஸ்டென்சன் இருவரின் ஒப்பந்தமும் அந்த ஜூனோடு முடிகிறது. பேச்சுவார்த்தை முன்பே இழுபறியில் இருந்தது. தடை வந்ததும் கதவு அடைபட்டது. ரூடிகர் ரியல் மாட்ரிட்டுக்கும் கிறிஸ்டென்சன் பார்சிலோனாவுக்கும் ஒரு பைசா வராமல் போனார்கள். டூக்கலின் மூவர் தடுப்பில் இரண்டு பேர் ஒரே கோடையில் காலி.

மே 30 அன்று போலி, மார்க் வால்டர், ஹான்ஸ்யோர்க் விஸ், அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கிளியர்லேக் கேபிடல் ஆகியோர் சேர்ந்த குழுவிடம் கிளப் கைமாறியது. பங்குகளுக்கு 250 கோடி பவுண்ட்; அது முடக்கப்பட்ட கணக்குக்குப் போனது. மைதானம், அகாடமி, மகளிர் அணி ஆகியவற்றுக்கு மேலும் 175 கோடி முதலீடு செய்வதாக வாக்குறுதி. பெரும்பான்மைப் பங்கு கிளியர்லேக்கிடம் இருந்தது. முகமாக வெளியே தெரிந்தவர் போலி. ஆட்டக்காரர் கொள்முதலில் கிளியர்லேக்கின் பெஹ்தாத் எக்பாலியின் கையும் போகப்போக ஓங்கியது.

அடுத்த சில வாரங்களில் நடந்ததுதான் என் பார்வையில் அந்த சீசனின் மிகப் பெரிய நிகழ்வு. எந்தத் தோல்வியையும்விடப் பெரியது. 2003 முதல் தலைவராக இருந்த ப்ரூஸ் பக் விலகினார். பத்தாண்டு காலம் டிரான்ஸ்பர் பேரம் முழுவதையும் கையில் வைத்திருந்த மரினா கிரனோவ்ஸ்கையா வெளியேறினார். டிரெஸ்ஸிங் ரூமுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே பாலமாக இருந்த முன்னாள் கோல் கீப்பர் பெட்ர் செக்கும் போனார். அவர்கள் இடத்தில் போலி தானே தலைவராகவும் தற்காலிக ஸ்போர்ட்டிங் டைரக்டராகவும் அமர்ந்தார்.

கிரனோவ்ஸ்கையா மாதிரி ஒருவர் செய்யும் வேலை விலை பேசுவது மட்டும் அல்ல. யாருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, யாரை இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும்போதே விற்றுவிட வேண்டும், எந்த ஏஜென்ட் சொல்லும் விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம், வேறு கிளப்புக்குத் தற்காலிகமாகக் கடனுக்கு அனுப்பிய ஆட்டக்காரரைத் திரும்ப எடுத்துக்கொள்ள யார் தயார், எந்த விலை வந்தால் மேசையிலிருந்து எழுந்து போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர் தலையில் இருக்கும். புதிய முதலாளி தன் ஆட்களை அமர்த்த விரும்புவது இயல்புதான். ஆனால் பொறுப்பை ஏற்கும் ஆள் வந்து சேரும்வரை பழையவரை வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. செல்சியில் பொறுப்பு கைமாறவில்லை, நடுவில் அந்தரத்தில் நின்றது. அதுவும் டிரான்ஸ்பர் காலம் திறந்திருந்த கோடையில்.

டூக்கலின் 100 நாள்

அந்தக் கோடையில் டிரான்ஸ்பர் பட்டியல் போடும் வேலையும் டூக்கலின் தலையில் விழுந்தது. பயிற்சி மைதானத்தில் அணியைத் தயார் செய்ய வேண்டிய ஆள், எந்த டிஃபெண்டரை என்ன விலைக்கு வாங்கலாம் என்று முதலாளியோடு தினமும் பேச வேண்டியிருந்தது. அதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்டியானோ ரொனால்டோவை வாங்க போலிக்கு ஆர்வம் இருந்ததாகவும் டூக்கல் மறுத்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன.

சிட்டியிலிருந்து ரஹீம் ஸ்டெர்லிங், நாப்போலியிலிருந்து கலிடு கூலிபாலி, பிரைட்டனிலிருந்து மார்க் குகுரேயா, லெஸ்டரிலிருந்து வெஸ்லி ஃபோஃபனா என்று வரிசையாக வந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் மோசமான ஆட்டக்காரர் இல்லை. கூட்டி வைத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். ரொமேலு லுகாகு இன்டருக்குக் கடனில் திரும்பிப் போய்விட்டார்; டிமோ வெர்னர் லைப்சிக்குப் போனார். தடுப்பில் போன இருவருக்கு ஈடாக மூவர் வந்தார்கள்; முன்னணியில் கோல் அடிக்கும் ஆள் வரவில்லை. அதை உணர்ந்து டிரான்ஸ்பர் காலத்தின் கடைசி நாளில், செப்டம்பர் 1 அன்று, பியர்-எமெரிக் ஒபமயாங்கை பார்சிலோனாவிலிருந்து எடுத்தார்கள்.

ஒபமயாங் விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். டார்ட்முண்டில் டூக்கலின் கீழ் கோல் மழை பொழிந்தவர் அவர்; செல்சி அவரை எடுத்ததற்கு முக்கியக் காரணமே டூக்கல்தான். வீட்டில் நடந்த கொள்ளையில் தாடை உடைந்ததால் முகக் கவசத்தோடு, செப்டம்பர் 6 அன்று டினமோ ஸாக்ரெப்புக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். செல்சி 0–1 எனத் தோற்றது. மறுநாள் காலை டூக்கல் நீக்கப்பட்டார். யாருக்காக வாங்கினார்களோ அந்த மேனேஜர் ஆறு நாளில் போய்விட்டார். ஆட்டக்காரர் மட்டும் மிச்சம். பிப்ரவரியில் ஒபமயாங்கின் பெயர் சாம்பியன்ஸ் லீக் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. சீசன் முழுக்க அவர் அடித்தது மூன்று கோல்.

டூக்கலின் ஆட்டமும் அப்போது நன்றாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆறு லீக் ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. லீட்ஸிடம் 0–3 எனத் தோற்ற ஆட்டத்தில் எட்வர்ட் மென்டி தன் கோல் வாசலிலேயே பந்தைத் தட்டிக்கொண்டு நிற்க, பிரெண்டன் ஆரன்சன் பறித்து உள்ளே தள்ளினார். அணியின் கூர்மை போய்விட்டது என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். தோல்விக்காக மட்டும் நீக்கவில்லை, கிளப்பை எப்படி நடத்துவது என்பதில் இருவருக்கும் ஒத்த பார்வை இல்லை என்று போலி பின்னர் ஒரு மேடையில் சொன்னார். அதை ஏற்கலாம். ஆனால் அந்த ஒத்த பார்வை இருக்கிறதா என்று கேட்க வேண்டிய மாதம் ஜூன். 25 கோடி பவுண்ட் செலவழித்து, டிரான்ஸ்பர் காலம் முடிந்த பிறகு கேட்டதில் பயன் இல்லை.

மேனேஜரை நடுவில் நீக்குவது செல்சிக்குப் பழகிய விஷயம். 2012 மார்ச்சில் ஆண்ட்ரே வில்லாஸ்-போவாஸை அனுப்பிவிட்டு ராபர்ட்டோ டி மட்டேயோவை வைத்து அதே மே மாதம் சாம்பியன்ஸ் லீக் வென்றார்கள். 2021 ஜனவரியில் ஃபிராங்க் லாம்பார்டை நீக்கி டூக்கலைக் கொண்டுவந்து நான்கே மாதத்தில் மறுபடியும் வென்றார்கள். அப்போதெல்லாம் மாறியது மேனேஜர் மட்டுமே. அவருக்கு மேலே இருந்த நிர்வாகமும் கீழே இருந்த மூத்த ஆட்டக்காரர்களின் கூட்டமும் அப்படியே இருந்தன. 2022இல் மேலே, நடுவே, கீழே மூன்று அடுக்கும் ஒரே நேரத்தில் ஆடின. அதனால் அதே மருந்து இந்த முறை வேலை செய்யவில்லை.

பாட்டருக்குக் கிடைக்காதவை

செப்டம்பர் 8 அன்று பாட்டர் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தார். அவரையும் அவர் குழுவையும் விடுவிக்க பிரைட்டனுக்கு 2 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்தார்கள். தேர்வில் தவறில்லை, பிரைட்டனில் அவர் செய்த வேலை உயர்தரமானது. ஆனால் அங்கே அவர் எதன் மேல் நின்று வேலை செய்தார் என்பதை செல்சி கவனிக்கவில்லை. பிரைட்டனில் உரிமையாளர் டோனி ப்ளூமின் தரவுக் கணக்கு ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கும். டெக்னிக்கல் டைரக்டர் விற்பனையையும் கொள்முதலையும் பார்த்துக்கொள்வார். பாட்டர் பயிற்சி மட்டும் கொடுப்பார். செல்சியிலோ அந்த அமைப்பையே இனிமேல்தான் கட்ட வேண்டியிருந்தது. நல்ல பயிற்சியாளரை எடுத்து, அவரைத் தாங்கி நின்ற தூண்கள் இல்லாத இடத்தில் நிறுத்தினார்கள். பிரைட்டனின் கொள்முதல் பிரிவிலிருந்த பால் வின்ஸ்டன்லியை நவம்பரில்தான் கொண்டுவந்தார்கள்.

முதல் ஒன்பது ஆட்டங்களில் பாட்டர் தோற்கவே இல்லை: ஆறு வெற்றி, மூன்று டிரா. மிலானை இரண்டு முறை வீழ்த்தினார். அதற்குள் காயம் வரிசை கட்டியது. என்கோலோ கான்டே ஆகஸ்ட் 14 அன்றே தொடைத் தசையில் அடிபட்டு வெளியேறியிருந்தார். ஏப்ரல் 1 வரை திரும்பவில்லை. அக்டோபர் 5 அன்று ஃபோஃபனா, தன் முதல் செல்சி கோலை அடித்த அதே ஆட்டத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனார். அக்டோபர் 11 அன்று ரீஸ் ஜேம்ஸ், அவருக்கும் முழங்கால். நவம்பர் 2 அன்று பென் சில்வெல், தொடைத் தசை.

ஜேம்ஸும் சில்வெல்லும் இல்லாதது ஏன் அவ்வளவு பெரிய இழப்பு? டூக்கல் கட்டிய மூவர் தடுப்பு முறையில் அகலத்தில் தாக்குதல் முழுவதும் இரண்டு விங் பேக்குகளின் காலில்தான். நடுவில் இருக்கும் முன்னணி ஆட்டக்காரர்கள் உள்ளே ஒடுங்கி நிற்க, ஓரத்தில் ஓடிப் பந்தை உள்ளே போடும் வேலை இவர்களுடையது. அந்த இருவர் இல்லையென்றால் முறையை மாற்ற வேண்டும், அல்லது வேறு ஆளைப் பொருத்த வேண்டும். சில்வெல்லுக்கு அடிபடும் முன்பே, ஜேம்ஸ் இல்லாத நிலையில், பாட்டர் அக்டோபர் 29 அன்று தன் பழைய கிளப்பான பிரைட்டனுக்கு எதிராக ஸ்டெர்லிங்கையும் கிறிஸ்டியன் புலிசிக்கையும் விங் பேக்காக நிறுத்தினார். இருவரும் பிறவித் தாக்குதல்காரர்கள். பின்னால் ஓடி அடைக்க வேண்டிய இடம் திறந்தே கிடந்தது. ஐந்தாவது நிமிடத்தில் முதல் கோல், பிறகு செல்சி ஆட்டக்காரர்களே இரண்டு சொந்தக் கோல், இறுதியில் 1–4. அங்கிருந்து அணி நிமிரவில்லை.

எலிசபெத் ராணியின் மறைவால் பாட்டரின் தொடக்கத்தில் இரண்டு லீக் ஆட்டங்கள் தள்ளிப்போயின. உலகக் கோப்பைக்காக நவம்பரில் சீசனே நின்றது. செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை மூன்று, நான்கு நாளுக்கு ஒரு ஆட்டம். அப்படிப்பட்ட அட்டவணையில் பயிற்சி என்பது உடலைத் தேற்றிக்கொள்வதாக மட்டுமே இருக்கும். புதிய முறையைச் சொல்லிக் கொடுக்க நேரமே கிடையாது. முன்சீசன் இல்லாமல் வந்த மேனேஜருக்கு இது பெரிய தடை.

உலகக் கோப்பை முடிந்து திரும்பியபின், டிசம்பர் 27 முதல் பிப்ரவரி கடைசி வரை 12 ஆட்டங்கள். இரண்டே வெற்றி, மொத்தம் ஆறு கோல். இளம் ஸ்ட்ரைக்கர் அர்மாண்டோ ப்ரோயா டிசம்பரில் ஒரு நட்பு ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து சீசனையே இழந்திருந்தார். காய் ஹாவர்ட்ஸ், ஸ்ட்ரைக்கராகப் பிறக்காதவர், கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்திலும் முன்னால் நின்றார். ஏழு லீக் கோலோடு அவர்தான் அணியில் முதலிடம்.

ஜனவரி

இத்தனைக்கும் நடுவில் வந்தது 2023 ஜனவரி. பெனுவா படியாஷில், டேவிட் டாட்ரோ ஃபோஃபனா, ஆண்ட்ரே சான்டோஸ், மிகைலோ முட்ரிக், நோனி மடுவேகே, மாலோ குஸ்டோ, கடனுக்கு ஜோவோ ஃபெலிக்ஸ், கடைசி நாளில் என்சோ ஃபெர்னாண்டஸ். எட்டு பேர். என்சோவுக்கு மட்டும் பென்ஃபிகாவுக்கு 10.68 கோடி பவுண்ட். அப்போதைய பிரிட்டிஷ் சாதனை. அனுபவம் மிக்க ஜோர்ஜின்யோவை அதே நாளில் 1.2 கோடிக்கு ஆர்சனலுக்குக் கொடுத்தார்கள். ஹக்கிம் ஸியெஷ் கடனில் பி.எஸ்.ஜி.க்குப் போக பாரிஸில் காத்திருந்தார். காகிதங்கள் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேராததால் அது நடக்கவில்லை, அவர் திரும்பி வந்தார்.

இவ்வளவு பணம் எப்படிச் செலவழிக்க முடிந்தது என்று பலர் கேட்டார்கள். விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு ஆட்டக்காரரை வாங்கினால் அந்தத் தொகை முழுவதும் அந்த ஆண்டுச் செலவாக எழுதப்படாது. ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதப்படும். என்சோவுக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தம். 10.68 கோடியை எட்டரையால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 1.26 கோடி. வழக்கமான ஐந்து ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால் 2.14 கோடி. மூன்று ஆண்டுகளில் மொத்த நஷ்டம் 10.5 கோடியைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய பிரீமியர் லீக் விதி. நீண்ட ஒப்பந்தம் அந்த வரம்புக்குள் அதிக ஆட்களை நுழைக்க உதவியது.

இதன் மறுபக்கம் சில ஆண்டு கழித்துத்தான் வலிக்கும். முட்ரிக்குக்கு உறுதித் தொகையாக ஒப்புக்கொண்டது சுமார் 6.2 கோடி, ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. இரண்டு ஆண்டு முடிந்தபின்னும் கணக்கில் அவர் மதிப்பு 4.74 கோடி மிச்சமிருக்கும். அதற்குக் கீழே விற்றால் வித்தியாசம் அந்த ஆண்டு நஷ்டம். ஐந்து ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால் அதே கட்டத்தில் மிச்சம் 3.72 கோடிதான். ஆக, நீண்ட ஒப்பந்தம் வாங்குவதை எளிதாக்கி விற்பதைக் கடினமாக்குகிறது. வாங்கியவர் தேறினால் பெரிய சேமிப்பு. தேறாவிட்டால் கிளப்புக்கும் அவருக்கும் விடுதலை இல்லை. அதனால்தான் இந்த முறையில் இறங்கும் கிளப்புக்குத் தேர்வு செய்யும் ஆள் யார் என்பது மற்ற எவரையும்விட முக்கியம். அந்த ஆளே இன்னும் முழுதாக வந்து சேராத நிலையில் இத்தனை நீண்ட ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ 2023 கோடையிலிருந்தும் பிரீமியர் லீக் அந்த டிசம்பரிலும், ஒப்பந்தம் எத்தனை ஆண்டானாலும் ஐந்து ஆண்டுக்குள் பிரித்து எழுத வேண்டும் என்று விதியை மாற்றின. பழைய ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது.

எண்ணிக்கையும் சிக்கலானது. சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட் சுற்றுக்குப் புதியவர் மூவரை மட்டுமே சேர்க்கலாம். என்சோ, முட்ரிக், ஃபெலிக்ஸ் பெயர்கள் போயின. நன்றாக ஆடிக்கொண்டிருந்த படியாஷில் வெளியே. அந்த சீசனில் தடுப்பில் நம்பகமாக இருந்த சிலரில் அவர் ஒருவர். ஃபெலிக்ஸோ முதல் ஆட்டத்திலேயே ஃபுல்ஹாமுக்கு எதிராக 58ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி மூன்று ஆட்டம் தடைபட்டார். கோடைவரை மட்டுமே கடனுக்கு வந்தவருக்கு அது பெரிய பங்கு.

அணியில் 30 பேருக்கு மேல். காபம் பயிற்சி மைதானத்தின் டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோருக்கும் இடம் போதவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. பயிற்சியில் 11க்கு 11 ஆடினால் எட்டு, பத்து பேர் ஓரமாக நிற்பார்கள். ஆட்ட நாளில் பட்டியலிலேயே வராத மூத்தவர்கள், சர்வதேச ஆட்டக்காரர்கள், பத்துக்குப் பக்கம். மனம் கசந்த பத்துப் பேர் வாரம் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருந்தால் எந்த மேனேஜரும் அதைச் சமாளிக்கத் திணறுவார். யாரை விட்டுவிடுவது என்ற முடிவை ஒவ்வொரு வாரமும் பாட்டர் எடுக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் மேலிடம் எடுக்காமல் விட்ட முடிவு அது. வாங்குவதற்கு முன் அதே இடத்தில் இருப்பவரை அனுப்ப வழி பார்ப்பது என்பது டிரான்ஸ்பர் வேலையின் பாதி. அந்தப் பாதி நடக்கவே இல்லை.

ஏப்ரல், மே

மார்ச்சில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. டார்ட்முண்டை வீட்டில், அதாவது சொந்த மைதானத்தில், 2–0 என வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார்கள். லீட்ஸையும் லெஸ்டரையும் வென்றார்கள். ஏப்ரல் 1 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் வீட்டில் 0–2. இருபதுக்கும் மேற்பட்ட முறை கோலை நோக்கி அடித்தும் ஒன்றும் உள்ளே போகவில்லை. அந்த சீசனின் சுருக்கமே அதுதான். மறுநாள் பாட்டர் நீக்கப்பட்டார். 31 ஆட்டம், 12 வெற்றி. அப்போது அணி 11ஆவது இடத்தில் இருந்தது.

அடுத்தவரைத் தயாராக வைத்துக்கொள்ளாமலே நீக்கினார்கள். பாட்டரின் உதவியாளர் ப்ரூனோ சால்டோர் லிவர்பூல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டார், 0–0. ஏப்ரல் 6 அன்று லாம்பார்ட் சீசன் முடியும்வரை வந்தார். கிளப்பின் வரலாற்றில் அதிக கோல் அடித்தவர், ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஆனால் அந்த ஜனவரியில்தான் எவர்ட்டன் அவரை நீக்கியிருந்தது. வந்ததும் தொடர்ந்து ஆறு தோல்வி. ரியல் மாட்ரிட்டிடம் இரண்டு முறையும் 0–2. மொத்தம் 11 ஆட்டத்தில் போர்ன்மவுத்துக்கு எதிராக ஒரே வெற்றி. பிரைட்டனிடம் வீட்டில் தோற்ற பிறகு போலி டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போய் ஆட்டக்காரர்களிடம் பேசியதாகச் செய்தி வந்தது. முதலாளிக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே நிற்க வேண்டிய செக் மாதிரி ஒருவர் இல்லாத இடம் அங்கே பளிச்சென்று தெரிந்தது.

லீக் புள்ளிகளை மேனேஜர் வாரியாகப் பிரித்தால்: டூக்கல் 6 ஆட்டத்தில் 10, பாட்டர் 22இல் 28, சால்டோர் ஒன்றில் 1, லாம்பார்ட் 9இல் 5. பாட்டர் நீக்கப்பட்டபோது இருந்த வேகத்திலேயே போயிருந்தாலும் 50க்குப் பக்கம் வந்திருக்கும். ஐரோப்பிய இடம் அப்போதும் கிடைத்திருக்காது. இந்த சீசனை ஒரு மேனேஜரின் பெயரில் எழுதிவிட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

அதே கிளப்பின் மகளிர் அணியையும் பார்க்க வேண்டும். 2012 முதல் 2024 வரை எம்மா ஹேய்ஸ்தான் அங்கே மேனேஜராக இருந்தார். ஆண்கள் அணியில் நான்கு பேர் மாறிய அதே ஆண்டில் அவர்கள் லீக்கைத் தொடர்ந்து நான்காவது முறையும் எஃப்ஏ கோப்பையைத் தொடர்ந்து மூன்றாவது முறையும் வென்றார்கள். அதே முதலாளிகள், அதே பயிற்சி வளாகம். அங்கே யார் எதைத் தீர்மானிப்பது என்பதில் குழப்பம் இல்லை.

பில் வந்த காலம்

வின்ஸ்டன்லியும் மொனாக்கோவிலிருந்து வந்த லாரன்ஸ் ஸ்டூவர்ட்டும் இணை ஸ்போர்ட்டிங் டைரக்டர்களாக முழுதாகக் கையில் எடுத்த முதல் வேலை, கூட்டத்தைக் குறைப்பது. 2023 கோடையில் ஹாவர்ட்ஸ் ஆர்சனலுக்கும் மேசன் மவுன்ட் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் மடேயோ கோவசிச் சிட்டிக்கும் போனார்கள். மென்டியும் ஓராண்டு மட்டுமே இருந்த கூலிபாலியும் சவுதிக்கு, புலிசிக் மிலானுக்கு, கான்டேயும் கேப்டன் அஸ்பிலிக்குவேட்டாவும் இலவசமாக. மவுன்டுக்குக் கிடைத்த 5.5 கோடி முழுவதும் கணக்கில் லாபம், ஏனென்றால் அவர் அகாடமியில் வளர்ந்தவர், அவரை வாங்கிய செலவு என்று எதுவும் இல்லை. சொந்த மண்ணில் வளர்ந்தவரை விற்பதுதான் ஏட்டில் அதிக லாபம் தருகிறது என்ற இந்த விதி எனக்கு மனவருத்தம் தரும் ஒன்று. வெளியிலிருந்து அளவுக்கு மீறி வாங்கிய கிளப் அதன் விலையை அகாடமிப் பிள்ளைகளைக் கொண்டு கட்டுகிறது.

ஐரோப்பியப் போட்டி இல்லாததால் 2023–24இல் அந்த வருமானம் அடியோடு போனது. ஜெர்சி ஸ்பான்சர் ஒப்பந்தமும் முடிந்து, புதிய சீசனை மார்பில் பெயரில்லாத ஜெர்சியோடு தொடங்கினார்கள். 2022–23 கணக்கில் வரிக்கு முன் நஷ்டம் 9.01 கோடி பவுண்ட். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் இருக்கும் இரண்டு ஹோட்டல்களைத் தங்கள் குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்று அந்த வரவையும் சேர்த்த பிறகு வந்த நஷ்டம் அது. அடுத்த ஆண்டு மகளிர் அணியையும் தாய் நிறுவனத்துக்கே மாற்றிக் கணக்கை நேராக்கினார்கள். பிரீமியர் லீக் விதியில் இதற்கு இடம் இருந்தது. யுஇஎஃப்ஏ இப்படிக் குழுமத்துக்குள் நடக்கும் விற்பனையை வருமானமாக ஏற்பதில்லை.

2025 ஜூலையில் யுஇஎஃப்ஏ செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. நான்கு ஆண்டுகளில் வரவு செலவைச் சரிக்கட்டாவிட்டால் மேலும் 6 கோடி கட்ட வேண்டும். அதோடு ஐரோப்பியப் பட்டியலில் புதிய பெயர் சேர்க்க வேண்டுமானால் டிரான்ஸ்பர் வரவு செலவு சாதகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. மீறலாகக் கணக்கெடுக்கப்பட்ட இரண்டு நிதியாண்டுகளில் முதலாவது, 2023 ஜூனில் முடிந்த ஆண்டு.